இணையக் கார்ப் பந்தயம்: கண்டியில் ஒரு பருவம்

இணையக் கார்ப் பந்தயத் தொடருக்கும் பருவம், புள்ளிப்பட்டியல், தண்டனை எல்லாம் உண்டு. கார் மட்டும்தான் கணினித் திரையில். கொரோனாவால் போர்முலா 1 நின்றபோது, 2020 மார்ச் 22ஆம் திகதி நடந்த முதல் மெய்நிகர் பந்தயத்தில் சீனாவின் சோ குவான்யூ வென்றார். ஊரடங்கில் கட்டுகஸ்தோட்டை வாடகை அறையில் கிடந்த நான் அதைப் பார்த்துத்தான் இதற்குள் வந்தேன்.

கார் ஓட்டம் சிறுவயது ஆசை. ஆனால் நாட்டின் பெயர்பெற்ற திடல்களான தியத்தலாவை பொக்ஸ் ஹில்லும் அநுராதபுரம் சாலியபுர கஜபாவும் இராணுவத்தினுடையவை. 2009இல் வன்னியிலிருந்து முகாம் வழியாக வந்தவனுக்கு அந்த வாசலைத் தாண்டக் கால் வராது. திரையில் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.

இங்கே எதிரி மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் அது நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. எங்கள் தொடரில் முதலிடத்துக்கு 25 புள்ளி. நடுவில் நின்றால் பூச்சியம். அந்தப் பருவத்தில் எனக்கு நான்கு பூச்சியம்.