தூதரகத்தின் தபால் அறை

கடிதம் ஒன்று கைக்கு வந்தவுடன் அதனைப் பிரித்துப் பார்க்க விழைவது மனித இயல்பு. எழுதியவர் யாராயினும், உறைக்குள் இருப்பது சொல்லே என்று நாம் நம்புகிறோம். உலகத்துத் தபால் முறை முழுவதும் இந்த நம்பிக்கையின்மீதே நிற்கிறது. இந்த நம்பிக்கையையே ஆயுதமாக்கிக்கொண்ட கொடியவர்களும் வரலாற்றில் உண்டு. அவர்களால் தூதரகங்களுக்கு நேர்ந்த கேடுகளையும், அவற்றிலிருந்து உலகம் கற்ற பாடத்தையும் பற்றி இன்று மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சிறிது கூற விரும்புகிறேன்.

தூதரகம் என்பது ஒரு நாடு மற்றொரு நாட்டின் தலைநகரில் வைத்திருக்கும் இல்லம் போன்றது. 1961-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் உருவான உடன்படிக்கையின்படி, தூதரகத் தலைவரின் இசைவின்றி அவ்வூர்ப் போலீசாரும் அதன் உள்ளே நுழைதல் ஆகாது. வெளியே நின்று அதனைக் காக்கும் கடமை மட்டும் அந்நாட்டு அரசுக்கு உண்டு. தாய்நாட்டு அரசுக்கும் தூதரகத்துக்கும் இடையே முத்திரையிட்டுச் செல்லும் தூதுப் பையை எவரும் திறத்தலாகாது என்பதும் அவ்வுடன்படிக்கையின் விதியே. ஆனால், நாள்தோறும் பொதுமக்களிடமிருந்து வரும் கடிதங்கள் அந்தப் பையில் வருவன அல்ல. அவை வந்து சேரும் இடம் தபால் அறை. அங்கே அமர்ந்திருக்கும் எழுத்தரின் கண்ணும் கையுமே தூதரகத்தின் முதற் காவல்.

இதனை உலகம் உணர்ந்த நாள் 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 19. மியூனிக் ஒலிம்பிக் விழாவில் இஸ்ரேல் நாட்டினர் பதினொருவர் கொல்லப்பட்டு இரண்டு வாரங்களே கடந்திருந்தன. ஆம்ஸ்டர்டாம் நகரில் தபாலில் சேர்க்கப்பட்ட எட்டு வெடி உறைகள் லண்டனிலிருந்த இஸ்ரேல் தூதரக அலுவலர்களுக்கு அனுப்பப்பட்டன. நான்கு உறைகள் தபால் நிலையத்திலேயே பிடிபட்டன. எஞ்சிய நான்கும் தூதரகத்தை அடைந்தன. அவற்றுள் மூன்றைத் தபால் அறையினர் கண்டுகொண்டனர். நான்காவது உறை, வேளாண்மை அலுவலரான அமி ஷகோரி என்பவரின் மேசைக்குச் சென்றது. அவர் ஹாலந்திலிருந்து பூ விதைகளை வரவழைத்திருந்தார். வந்தது அதுவே என எண்ணி உறையைப் பிரித்தார். அது வெடித்து அவர் உயிரிழந்தார். எட்டில் ஏழு பிடிபட்டும் ஒன்று தப்பியமையால் ஓர் உயிர் போயிற்று. ஐயத்துக்கு இடமான உறை மட்டுமன்று, நாம் எதிர்பார்த்திருக்கும் உறையும் நம்மை ஏமாற்றக்கூடும் என்பது இந்நிகழ்ச்சி புகட்டும் பாடம்.

அடுத்து 2001-ஆம் ஆண்டுக்கு வருவோம். அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோயின் கிருமித் தூளைக் கடிதங்களில் வைத்து யாரோ அனுப்பினர். செனட் சபை உறுப்பினர் ஒருவருக்கு எழுதப்பட்ட உறையின் தபால் குறியீட்டு எண்ணில் ஓர் இலக்கத்தை இயந்திரம் தவறாகப் படித்தது. உறை வழி மாறி, வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்னும் ஊரிலிருந்த வெளியுறவுத் துறைத் தபால் நிலையத்துக்குச் சென்றது. அங்குப் பணிபுரிந்த ஊழியர் ஒருவர் நோயுற்று, நற்பேறாக உயிர் பிழைத்தார். அவ்வாண்டு அந்நோய் கண்ட 22 பேரில் ஐவர் மாண்டனர். அவர்களுள் இருவர் வாஷிங்டன் நகரத் தபால் ஊழியர்கள். கடிதம் எவர் பெயருக்கு எழுதப்பட்டதோ அவர் அதனைக் காணுமுன்னரே, அதனைச் சுமந்த எளிய மனிதர் பலியாகிறார். மூடிய உறையிலிருந்தும் நுண்ணிய தூள் கசியும் என்பதை அறிய அவ்வளவு பெரிய விலை கொடுக்க நேர்ந்தது.

மூன்றாவது நிகழ்ச்சி, 2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில் நிகழ்ந்தது. உக்ரைன் தூதுவர் பெயருக்கு வந்த ஓர் உறையின்மீது ஊழியர் ஒருவருக்கு ஐயம் எழுந்தது. அதனைத் தோட்டத்துக்கு எடுத்துச் சென்று, பிறர் அருகில் இல்லாதபோது திறந்தார். உள்ளே ஏதோ ஓசை கேட்டதும் வீசியெறிந்தார். அது வெடித்தது, கையில் காயத்தோடு அவர் தப்பினார். பிறரைக் காத்த அவருடைய அன்பு போற்றத்தக்கது. எனினும், ஐயம் எழுந்த பின்னும் அவர் திறந்தாரன்றோ? அடுத்த நாளே அமெரிக்கத் தூதரகத்துக்கு வந்த அத்தகைய உறை, எவரும் பிரிக்காமலே கண்டறியப்பட்டு, வல்லுநர்களால் தீங்கின்றி அழிக்கப்பட்டது. அங்கு ஒருவருக்கும் ஊறு நேரவில்லை.

இவ்வனுபவங்களிலிருந்து பிறந்த விதிகள் மிக எளியவை. அனுப்பியவர் பெயர் இல்லாமை, அளவுக்கு மிஞ்சிய தபால் தலைகள், எண்ணெய்க் கறை, ஒரு புறம் மட்டும் கனத்திருத்தல், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, உரியவரே திறக்கவேண்டும் என்ற வற்புறுத்தல் ஆகியவை ஐயத்தின் அறிகுறிகள். அத்தகைய உறையைக் குலுக்குவதும், வளைப்பதும், முகர்வதும், நீரில் அமிழ்த்துவதும், பிறர் கையில் கொடுப்பதும் கூடா. இருந்த இடத்திலேயே மெல்ல வைத்துவிட்டு, அறையிலுள்ளோரை வெளியேற்றிக் கதவை அடைத்து, பொறுப்பாளருக்கு அறிவித்தல் வேண்டும். தூள் சிந்தியிருப்பின் அதனைத் துடைக்க முயலாமல், மின்விசிறியையும் காற்றுப் பதனியையும் நிறுத்தி, சோப்பிட்டுக் கைகளைக் கழுவுதல் வேண்டும். உறையைத் தொட்டவர் யார் யார் எனக் குறித்து வைத்தல், பின்னர் மருத்துவருக்கு உதவும். எக்ஸ்ரே கருவிகள் உறையின் உட்புறத்தைக் காட்டும். ஆயினும் எல்லாத் தூளையும் அவை காட்டிவிடா.

இவ்வளவு அபாயம் இருப்பின் கடிதங்களையே மறுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அயல்நாட்டுச் சிறையில் வாடும் மகனுக்காக ஒரு தாய் எழுதும் விண்ணப்பமும் அதே தபால் பையில்தான் வருகிறது. அதனை வாங்க மறுக்கும் தூதரகம், தான் அமைந்த நோக்கத்தையே இழந்துவிடும். ஆகவே, கதவை அடைப்பதும் வழியன்று. கண்ணை மூடிக்கொண்டு உறையைக் கிழிப்பதும் வழியன்று. ஒரு கணம் கையை நிறுத்தி உறையை உற்று நோக்கும் பொறுமையே வழி. அந்தப் பொறுமையைக் காக்கும் எழுத்தரின் பெயர் வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. அவர் விழிப்பாக இருந்த நாள்களில் எதுவும் நிகழாமையே அதற்குக் காரணம்.