நாணயச்சாலைத் தலைவரின் கணக்கு

எடைபோட்டு வாங்கிய வெள்ளியைக் குறித்த மாற்றிலும் குறித்த எடையிலும் எண்ணிக்கை குறையாமல் காசாகத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் நாணயச்சாலையின் தலைமை அதிகாரி. அவருடைய மற்ற வேலைகள் எல்லாம் இதற்குள் அடங்கும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சம்பளமாகக் கைமாறிய ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரின் முதல் வெளியீடு பம்பாயில் அடிக்கப்பட்டது. அதற்கு முன் நீரிணைக் குடியேற்றங்களில் புழங்கிய 1845, 1862 ஆண்டுச் செம்புக் காசுகள் கல்கத்தாவிலிருந்து வந்தவை. ஆகவே கிள்ளான் பள்ளத்தாக்கில் புழங்கிய பணத்தின் பின்னணியை அறிய இந்திய நாணயச்சாலைகளின் நடைமுறையைப் பார்க்க வேண்டும்.

காசு அடிப்பவரே அதன் தரத்துக்குச் சான்று தரக்கூடாது என்பது பழைய விதி. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் காசு அடிப்பதை மேற்பார்வையிட ஓர் அதிகாரியையும், காசைச் சோதிக்க ‘ரூபதர்சகர்’ என்ற வேறோர் அதிகாரியையும் வகுக்கிறது. தமிழகத்தில் பொன்னையும் காசையும் சோதித்தவர் வண்ணக்கர். சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே இந்தத் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் நிர்வாகப் பொறுப்பாளரை இன்றும் வண்ணக்கர் என்றே அழைக்கிறார்கள். நம்பிக்கைக்குரிய கை என்பதே அங்கே தகுதி போலும்.

மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் காசடிக்கும் உரிமை 1639-இல் தாமர்ல நாயக்கர் தந்த சாசனத்திலேயே கிடைத்துவிட்டது. தொடக்கத்தில் உள்ளூர் ஆட்களிடம் வேலையைக் குத்தகைக்கு விடுவது வழக்கம். 1742-இல் சிந்தாதிரிப்பேட்டையில் ஆர்க்காடு ரூபாய் அடிக்கும் பொறுப்பு லிங்கச் செட்டியிடம் இருந்தது. குத்தகையில் ஒரு சிக்கல் உண்டு: எடையில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு குத்தகைதாரருக்கு லாபம். பின்னாளில் சம்பளம் வாங்கும் அதிகாரி பொறுப்புக்கு வந்ததும் அந்த ஆசைக்கு வழி அடைபட்டது. 1818-இல் வராகன் என்ற பொன் காசுக்குப் பதிலாக 180 கிரெய்ன், அதாவது ஒரு தோலா எடையுள்ள வெள்ளி ரூபாய் மதராஸ் மாகாணத்தின் அடிப்படை நாணயமாயிற்று. 1835-இல் அதே எடை கம்பெனி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் பொதுவாயிற்று.

1840-களில் நாணயச்சாலை தங்கசாலைத் தெருவின் வடகோடியிலிருந்த பழைய வெடிமருந்து ஆலைக்கு இடம் மாறியது. நீராவி எந்திரங்கள் வந்தபின் தலைமைப் பதவி பொறியாளர்களைத் தேடிப் போனது. கல்கத்தாவில் ஃபோர்ப்ஸ், மதராஸில் ஜே. டி. ஸ்மித் இருவரும் ராணுவப் பொறியாளர்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கும் பழைய கலங்கரை விளக்கத் தூணைக் கட்டியவரும் இந்த ஸ்மித்தான். நாணயச்சாலை நிர்வாகத்தின் கடமைகளையும் பொறுப்புகளையும் பற்றி 1848-இல் மதராஸிலேயே ஒரு நூலும் வெளியிட்டார்.

அக்காலத்தில் வணிகர் ஒருவர் வெள்ளிக் கட்டிகளோடு வந்தால் முதலில் அவர் முன்னிலையிலேயே எடை போடப்படும். பிறகு ஒரே சீராக உருக்கி, துணுக்கு ஒன்றை வெட்டி மாற்றுச் சோதனை அதிகாரிக்கு அனுப்புவார்கள். அவர் புடமிட்டுத் தூய வெள்ளி எவ்வளவு என்று சான்று தருவார். ரூபாய்க்குரிய மாற்று பன்னிரண்டில் பதினொரு பங்கு. அந்த மாற்றில் 1,000 தோலா தேறினால் கணக்குப்படி 1,000 ரூபாய். அதில் நூற்றுக்கு இரண்டு அரசின் கட்டணம், ஆயிரத்துக்கு ஒன்று உருக்குக் கூலி. வணிகர் கையில் வருவது 979. நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

சோதனை அதிகாரி தலைவருக்குக் கீழ்ப்பட்டு நடந்தால் முழு ஏற்பாடும் வீண். அதனால் அவருக்குத் தனி அதிகாரம் இருந்தது. அந்த வேலை அறிஞர்களையும் ஈர்த்தது. கல்கத்தாவில் அப்பதவியில் இருந்த எச். எச். வில்சன் சமஸ்கிருத அறிஞர். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் பிரின்செப் 1837-இல் பிராமி எழுத்தைப் படித்தறிந்தார். சோழ, பாண்டியர் பெயர்கள் அசோகர் கல்வெட்டில் இருப்பது தெரியவந்ததும் அந்த வாசிப்பின் பயன்தான்.

எந்தக் காசும் துல்லியமாக ஒரே எடையில் அமையாது. தகட்டிலிருந்து வெட்டிய வில்லைகளை ஒவ்வொன்றாக நிறுத்து, கனத்ததை அராவி, குறைந்ததை மீண்டும் உருக்குவார்கள். அதற்குப் பிறகும் மிஞ்சும் வேறுபாட்டுக்குச் சட்டம் இடம் தந்தது. 1870-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரூபாயின் எடை ஆயிரத்துக்கு ஐந்து பங்குவரை கூடலாம், குறையலாம்; அதாவது 0.9 கிரெய்ன். ஒரு காசில் இது அற்பம். ஆனால் பத்து லட்சம் காசும் அந்த எல்லைவரை குறைந்தால் 5,000 ரூபாய் வெள்ளி உள்ளே தங்கிவிடும். எனவே தனிக்காசு எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது. மொத்தச் சராசரியும் நேர் எடையில் நிற்கிறதா என்று பார்ப்பது தலைவரின் வேலை.

சேதாரமும் அவர் தலையில்தான். உருக்கும்போது வெள்ளி கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் மூசையில் ஒட்டும், அராவிய தூள் தரையில் சிந்தும். உடைந்த மூசைகளை இடித்து, தரைக் குப்பையைக் கழுவி வெள்ளியைப் பிரித்தெடுத்த பிறகும் அனுமதித்த அளவுக்கு மேல் குறைந்தால் விளக்கம் தர வேண்டும். அச்சுகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதும், தேய்ந்தவற்றை அழிப்பதும் கள்ளக் காசைத் தடுக்கும் வழிகள்.

1869-இல் மதராஸ் நாணயச்சாலை மூடப்பட்டு, கட்டடங்கள் அரசு அச்சகத்துக்குப் போயின. வெள்ளி கொண்டுவருபவருக்கெல்லாம் ரூபாய் அடித்துத் தரும் ஏற்பாடு 1893-இல் இந்தியா முழுவதும் நின்றது. பத்தாண்டு கழித்து மலாயாவின் வேலை பம்பாய்க்கு வந்தது. மெக்சிகோ டாலரும் பிரிட்டிஷ் டாலரும் திரட்டிக் கப்பலேற்றப்பட்டு, அங்கே உருகி, 416 கிரெய்ன் எடையுள்ள ஸ்ட்ரெய்ட்ஸ் டாலராகத் திரும்பின. 1906-இல் அதன் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. வெள்ளி விலையோ ஏறியது. காசை உருக்கி விற்றால் லாபம் என்ற நிலை வர, 1907-இல் எடை 312 கிரெய்னாகக் குறைக்கப்பட்டது. இத்தகைய முடிவு அரசுடையது. புதிய எடைக்குத் தகட்டின் கனத்தையும் அச்சையும் மாற்றி, பழைய காசு எத்தனை வந்தது, புதியது எத்தனை போனது என்று ஒப்புவிப்பது நாணயச்சாலையின் பாடு.

மலேசியாவின் சொந்த நாணயச்சாலை 1971-இல் ஷா ஆலாமில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கீழ்த் தொடங்கியது. செம்பு-நிக்கல் காசில் உலோகத்தின் விலை முகமதிப்பைவிடக் குறைவு என்பதால் காவலின் கவனம் எடையிலிருந்து எண்ணிக்கைக்கும் அச்சுக்கும் நகர்ந்தது. ஆனால் விலைக் கணக்கு விட்டுப்போகவில்லை. ஒரு சென் காசை அடிக்கும் செலவு அதன் மதிப்பைத் தாண்டியது. 2008 ஏப்ரல் முதல் கடைகளில் மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டும் முறை வந்து, ஒரு சென் காசு அடிப்பது நிறுத்தப்பட்டது.