வைப்பு நிதியின் வரலாறு: பாலம் யாருக்குக் கட்டப்பட்டது?

நம் படிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவர் ஐ.டி.ஐ. முடித்து, ஏழு ஆண்டுகள் ஒரு தனியார் ஆலையில் வேலை பார்த்தார். பிறகு தேர்வெழுதி அரசு வேலைக்குப் போனார். அவர் குடும்பத்தில் அவர்தான் முதல் அரசு ஊழியர். ஆலையில் பிடித்த பி.எஃப். பணத்தைப் புதிய வேலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறார். "முடித்து எடுத்துக்கொள்" என்பது மட்டுமே கிடைத்த பதில். எடுத்தார். அக்காவின் கல்யாணக் கடனுக்கு அது போய்விட்டது. ஏழு ஆண்டு உழைப்பு இன்று எந்த ஓய்வூதியக் கணக்கிலும் இல்லை.

இதை அவருடைய அவசரம் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. இதற்குப் பின்னால் நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

வெள்ளையர் அரசு 1925இல் வைப்பு நிதிச் சட்டம் கொண்டுவந்தது. அரசு ஊழியர், ரயில்வே ஊழியர் ஆகியோரின் நிதியை அது காத்தது. கட்டாயச் சேமிப்பாக இருந்த அந்தப் பணத்தைக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது. ஊழியரே நினைத்தாலும் அதை அடகு வைக்க முடியாது. கந்துவட்டியில் மூழ்கிய குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய காப்பு என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் காப்பு அரசுச் சம்பளம் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது. அந்த நாற்காலிகளில் நம்மவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? தனியார் ஆலைத் தொழிலாளிக்கு வைப்பு நிதி என்பது முதலாளியின் மனதைப் பொறுத்ததாகவே இருந்தது.

இந்த இடத்தில் நம் தோழர்கள் அடிக்கடி செய்யும் ஒரு பிழையைத் திருத்திக்கொள்வோம். "பி.எஃப். சட்டத்தை அண்ணல் அம்பேத்கர் கொண்டுவந்தார்" என்று பகிர்கிறோம். அண்ணல் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தார். அரசு, முதலாளி, தொழிலாளி என மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் முறை அவர் காலத்தில் வேரூன்றியது. தொழிலாளர் நலனை அரசின் கடமையாக்க அவர் உழைத்தார். ஆனால் ஊழியர் வைப்பு நிதி அவசரச் சட்டம் வந்தது 1951 நவம்பர் 15 அன்று. அப்போது அண்ணல் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகியிருந்தார். அது 1952 மார்ச்சில் முழுச் சட்டமானது. அந்த நாளில் தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் பாபு ஜெகஜீவன் ராம். அவரும் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர்தான். அண்ணலின் பெருமைக்கு இட்டுக்கட்டிய செய்தி எதுவும் தேவையில்லை. உண்மையான வரலாறே போதும்.

அந்தச் சட்டம் யாரைத் தொட்டது? முதலில் ஆறு தொழில்களை மட்டும்: சிமெண்ட், சிகரெட், பொறியியல், இரும்பு-எஃகு, காகிதம், ஜவுளி. அதிலும் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையாக இருக்க வேண்டும். இந்த வரம்பு பின்னால் 20 ஆகக் குறைந்தது. வயலில் நின்ற கூலிக்காரர் இதில் இல்லை. சேரியில் பெரும்பாலோர் செய்த வேலை அதுதான். ஆலைக்குள் நுழைந்தவருக்கும் தொடக்கத்தில் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தால்தான் உறுப்பினர் தகுதி. குறைந்த ஆண்டுகளில் விலகினால் முதலாளி செலுத்திய பங்கில் ஒரு பகுதி பறிபோகும். அதாவது ஓரிடத்தில் நிலைத்து நிற்பவருக்காக வடிவமைக்கப்பட்ட நிதி அது. பதிலி, தினக்கூலி, ஒப்பந்தக்காரரின் ஆள் என்று நம்மை வைத்திருந்தவர்கள், நிலைத்து நிற்க விட்டார்களா?

இப்படி இரண்டு உலகங்கள் உருவாயின. அரசில் ஜி.பி.எஃப். ஊழியர் தன் பணத்தைச் சேமிப்பார், ஓய்வூதியத்தை அரசு தனியே தரும். தனியாரில் இ.பி.எஃப். இரு தரப்பும் பணம் கட்டும். குடும்ப ஓய்வூதியம் 1971இல் வந்தது. தொழிலாளிக்கே மாத ஓய்வூதியம் என்பது 1995இல்தான் வந்தது. முதலாளி கட்டும் பங்கிலிருந்து 8.33 சதவீதம் அதற்குப் போகிறது. பத்தாண்டுப் பணி இருந்தால்தான் மாத ஓய்வூதியம். வெவ்வேறு நிறுவனங்களில் பார்த்த பணியையும் சேர்த்துக் கணக்கிடலாம், நடுவில் பணத்தை எடுக்காமல் மாற்றியிருந்தால்!

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே பாலமே இல்லையா? 1952 சட்டத்தில் 17ஏ என்ற பிரிவு இருக்கிறது. இ.பி.எஃப். உள்ள நிறுவனத்திலிருந்து அந்தச் சட்டம் பொருந்தாத நிறுவனத்துக்குப் போகும் ஊழியர் விரும்பினால் தொகையை மாற்றலாம் என்கிறது. கூடவே ஒரு நிபந்தனை: போய்ச் சேரும் இடத்து நிதியின் விதிகள் அதை அனுமதிக்க வேண்டும். பாலத்தின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையை மற்றவர் விருப்பத்துக்கு விட்ட சட்டம் அது.

அரசு வேறு சிலருக்கு முழுப் பாலமே கட்டியது. 1984இல் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. அரசுத் துறைக்கும் மத்திய தன்னாட்சி நிறுவனத்துக்கும் இடையே மாறுகிறவரின் பழைய பணியையும் ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்க வழி செய்தது. அதிகாரியும் விஞ்ஞானியும் நடக்கும் பாதை அது. தனியார் ஆலையிலிருந்து இடஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வரும் முதல் தலைமுறைப் பிள்ளை நடக்கும் பாதைக்கு அப்படி ஓர் ஆணை இல்லை.

நம் பிள்ளைகள் வந்து சேர்ந்த நேரத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதலும், மத்திய அரசில் 2004 ஜனவரி முதலும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றார்கள். நாம் கதவைத் திறந்து உள்ளே போனோம், பந்தி முடிந்துவிட்டது.

தூய்மைப் பணியாளர்களின் கதை இன்னும் கொடியது. நகராட்சிகளையும் மாநகராட்சிகளையும், வேறு ஓய்வூதியப் பயன் இல்லாத பணியாளர்களுக்காக இ.பி.எஃப். சட்டத்துக்குள் கொண்டுவந்த அறிவிக்கை 2011 ஜனவரியில்தான் வந்தது. அதற்குள் பல ஊர்களில் வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போயிருந்தது. அதே தெரு, அதே துடைப்பம், அதே அம்மா. ஒப்பந்தக்காரர் மட்டும் மாறுவார். ஒவ்வொருவர் மாறும்போதும் புதுக் கணக்கு எண். 2014இல் யு.ஏ.என். என்ற ஒற்றை எண் வந்த பிறகே எல்லாக் கணக்கையும் ஒரு நூலில் கோக்க வழி பிறந்தது. அதிலும் ஆதாரில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த தேதி ஒன்று, அட்டையில் வேறொன்று. பிறந்த தேதியை எழுதி வைக்கும் வசதி நம் பாட்டிகளுக்கு இருந்ததில்லை. அந்த வறுமைக்கான தண்டனை இன்று பேத்தியின் கணக்கு முடக்கமாக வருகிறது.

மாணவத் தோழர்களே, செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, உங்கள் தெருவில் பி.எஃப். பிடிக்கப்படும் ஒவ்வொருவரிடமும் போய் உட்காருங்கள். யு.ஏ.என். இருக்கிறதா, பழைய கணக்குகள் சேர்ந்திருக்கின்றனவா, பெயரும் தேதியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வேலை மாறுபவரிடம் "எடுக்காதே, மாற்று" என்று சொல்லுங்கள். மாற்ற முடியாத இடத்துக்குப் போகிறவர், ஓய்வூதியப் பணத்தை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைக்கலாம். நாளை இ.பி.எஃப். உள்ள வேலைக்குத் திரும்பினால் பழைய பணிக்காலம் சேரும். இரண்டாவது, தனியாரில் உழைத்த ஆண்டுகளும் உழைப்புதான், அரசு வேலையில் சேரும்போது அவற்றையும் கணக்கில் எடு என்ற கோரிக்கையை மேடைக்குக் கொண்டு வாருங்கள்.

அந்தத் தம்பியின் ஏழு ஆண்டுகள் திரும்ப வராது. அவர் தங்கை இப்போது அதே ஊரில் வேறொரு ஆலைக்குப் போகிறாள். அவளுடைய கணக்கைப் போன வாரம் நாம் சரிபார்த்துவிட்டோம்.