அதட்டலும் ஆறுதலும்

இன்று நான் கூறப் புகுவது ஒரு பயிற்சியின் வரலாறு. அது அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் தொடங்கியது.

1987 செப்டம்பரில் அந்நகரில் மனநோயுற்ற இளைஞர் ஒருவர் கத்தியால் தம்மையே காயப்படுத்திக்கொண்டிருந்தார். உதவி வேண்டிப் போலீஸாரை அழைத்தவர்கள் அவர் வீட்டாரே. கத்தியைக் கீழே போடும்படி காவலர் ஆணையிட்டனர். இளைஞரின் கலக்கம் மிகுந்தது, காவலரை நோக்கி ஓடினார், சுடப்பட்டு இறந்தார். காவலர் தாங்கள் கற்றிருந்த முறைப்படியே நடந்தனர் என்பதுதான் பெருந்துயரம். உரத்த ஆணையும் உருவிய துப்பாக்கியும் குற்றவாளியைப் பணியவைக்கலாம். மனம் மிரண்டு நிற்பவருக்கோ அவை அச்சத்தையே பெருக்கும்.

ஊரார் மனம் கொதித்தது. காவல்துறையினர், மருத்துவர், பல்கலைக்கழக அறிஞர், நோயாளிகளின் குடும்பத்தார் ஆகியோர் ஒன்றுகூடி ஆராய்ந்தனர். அதன் பயனாக 1988-ல் நெருக்கடித் தலையீட்டுக் குழு உருவாயிற்று. அதனை வளர்த்தவர்களுள் சாம் காக்ரன் என்னும் காவல் அதிகாரியும், ராண்டால்ப் டூபான்ட் என்னும் உளவியல் அறிஞரும் முதன்மையானவர்கள். விரும்பி முன்வரும் காவலருக்கு 40 மணி நேரப் பயிற்சி. நோயின் அறிகுறிகளைக் கற்பர். நோயுற்றோரையும் அவர் குடும்பத்தாரையும் நேரிற் கண்டு பேசுவர். நிகழ்ச்சிகளை நடித்துப் பழகுவர். குரலைத் தாழ்த்துக, விலகி நிற்க, அவகாசம் தருக என்பனவே பாடத்தின் சாரம். மிரண்ட பிள்ளையை அதட்டி ஆற்றுதல் இயலாது என்பதை வகுப்பறையில் நெடுங்காலம் கண்ட எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

பயிற்சி மட்டும் போதாது என்பதையும் மெம்பிஸ் உணர்ந்தது. காவலர் அழைத்து வருவோரை எந்நேரமும் மறுக்காமல் ஏற்கும் மருத்துவமனையும் வேண்டும்; இல்லையேல் திறந்திருப்பது சிறைக் கதவு ஒன்றுதான். இம்முறை பின்னர் அந்நாட்டு நகரங்கள் பலவற்றிற் பரவியது. இதனால் காவலரின் அறிவும் மனப்பான்மையும் சீர்பெற்றன என ஆய்வுகள் காட்டுகின்றன. உயிரிழப்பு குறைந்ததா என்பதற்கு இன்னும் உறுதியான சான்றில்லை. அதை மறைத்துப் புகழ்தல் தகாது.

நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், காவலர் தம் பாதுகாப்பில் எடுக்கும் மனநோயாளரை லாக்கப்பில் அடைக்கலாகாது என்றும், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்கவேண்டும் என்றும் விதிக்கிறது. எங்கே சேர்ப்பது என்பதைச் சட்டம் சொல்லிவிடும். எவ்வாறு பேசுவது என்பதைக் கற்றுத்தான் ஆகவேண்டும். உதவிக்கு அழைத்த வீட்டார், அழைத்தோமே என்று வருந்தாதிருத்தலே அக்கல்வியின் பயனாகும்.