அடங்காத ஊசல்

1996 ஆகஸ்டு 10. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் கடும் வெயில். ஆரிகன் மாநிலத்தில், சூடேறித் தொய்ந்த 5 லட்சம் வோல்ட்டு மின்கம்பி ஒன்று மரத்தைத் தொட்டுச் செயலிழந்தது. சில நிமிடங்களில் கொலம்பியா ஆற்றின் மக்னேரி அணை மின்னாக்கிகளும் விலகின. எஞ்சிய வடபுல மின்னாக்கிகளும் தென்புலத்தவையும், ஏறத்தாழ நான்கு விநாடிக்கு ஒருமுறை, ஒன்றையொன்று இழுத்து ஊசலாடின. ஊஞ்சல் தானே அடங்குவதன்றோ இயற்கை? இதுவோ வீச்சுக்கு வீச்சு பெருகிற்று. கலிபோர்னியாவுக்குச் செல்லும் தடங்கள் துண்டிக்கப்பட்டன. மின்வலை நான்காகப் பிளந்தது. சுமார் 75 லட்சம் இணைப்புகள் மின்சாரம் இழந்தன.

என்னை வியக்கவைப்பது பின்னர் நடந்ததே. பொறியாளர்கள் அந்நிகழ்ச்சியைக் கணிப்பொறியில் மீண்டும் நடத்திப் பார்த்தனர். அங்கே ஊசல் அமைதியாக அடங்கிவிட்டது! மின்னாக்கிகளைப் பற்றிக் கணிப்பொறிக்குத் தந்திருந்த விவரங்கள் மெய்யான இயந்திரங்களோடு பொருந்தவில்லை. அதன்பின்னரே அவற்றை நேரில் சோதித்து அளக்கலாயினர்.