ஒத்த கருவிகளும் கோடைமலையின் தீர்ப்பும்

ஒரே சிப்பைத் தாங்கி, ஒரே அளவு நினைவகத்தைக் கொண்டு, விலையிலும் சொற்ப வித்தியாசமே உடையனவாய்க் கடை மேஜையின்மீது கிடக்கும் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளுள், உற்பத்தியாளர் விதித்த வேகத்துக்கு மேலும் விரட்டும்போது, அதாவது ஓவர்கிளாக் செய்யும்போது, எது நிலைகுலையாமல் நிற்கும் என்று ஆராயும் இளைஞன், இக்கேள்வி தன் காலத்தில்தான் பிறந்தது என்று எண்ணுவது இயல்பே. ஆயினும், பழநி மலைத்தொடரின்மேல், கடல்மட்டத்துக்கு 2,343 மீட்டர் உயரத்தில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனை நோக்கியிருக்கும் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தின் சரித்திரத்தைப் பயில்வோர், அதன் ஒவ்வொரு கட்டத்திலும் இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் எழுந்ததையும், மலையையும் கண்ணாடியையும் காற்றையும் சாட்சியாக வைத்து அதற்கு விடை காணப்பட்டதையும் அறிவர். ஏட்டில் எழுதிய ஆற்றல் வேறு; வைத்த இடத்தில், இட்ட வேலையில், ஒரு பொருள் தாங்கிக் காட்டும் ஆற்றல் வேறு. இந்த உண்மைக்குக் கோடைமலையைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் கிடைப்பது அரிது.

முதற்கண் தேர்வு நிகழ்ந்தது மலைக்கே. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792ஆம் ஆண்டு நுங்கம்பாக்கத்தில் நிறுவிய சென்னை வானாராய்ச்சி நிலையம், கடற்கரையின் ஈரக்காற்றிலும் நகரத்தின் புழுதியிலும் தொண்ணூறு ஆண்டு காலம் உழைத்து, தன் எல்லையை அடைந்திருந்தது. அதன் தலைவராயிருந்த நார்மன் போக்ஸன், தென்னாட்டு மலையொன்றில் 20 அங்குலத் தொலைநோக்கி வேண்டும் என்று 1882இல் கோரினார். அதன் விளைவாகச் சார்ல்ஸ் மிச்சி ஸ்மித் என்பார் நீலகிரியையும் பழநி மலையையும் ஒப்பிட்டு ஆராயும் பொறுப்பை ஏற்று, 1883 முதல் 1885 வரையில் அப்பணியில் ஈடுபட்டார். உயரத்தில் ஏறத்தாழ ஒத்தனவும், குளிர்ச்சியில் ஒத்தனவும், சோலைகளும் புல்வெளிகளும் ஒத்தனவுமான இரு மலைகளைக் கண்ணால் கண்டு வேற்றுமை சொல்வது எளிதன்று. ஆகவே வானத்தின் தெளிவு, காற்றின் அசைவின்மை என்னும் இரண்டு குணங்களை அளவுகோலாகக் கொண்டு சோதனைகள் நடந்தன. காற்று அலைந்தால் சூரியபிம்பம் நடுங்கும். பிம்பம் நடுங்கினால் எவ்வளவு பெரிய கண்ணாடியும் சிறிய கண்ணாடியின் வேலையைத்தான் செய்யும்.

இதற்கிடையே, தாது வருஷத்தில் தொடங்கி இலட்சக்கணக்கான மக்களைப் பலி கொண்ட 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம், பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனின் மாறுதல்களுக்கும் சம்பந்தம் உண்டோ என்ற ஐயத்தை அரசாங்கத்தார் உள்ளத்தில் விதைத்திருந்தது. விண்மீன்களை அளந்த சென்னையின் மரபு, சூரிய ஆராய்ச்சியின் பக்கம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். லார்டு கெல்வின் தலைமையில் 1893 ஜூலையில் கூடிய குழு, கோடைக்கானலிலேயே சூரிய வானாராய்ச்சி நிலையம் அமைய வேண்டும் என்று முடிவு செய்தது. 1895இல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1899 ஏப்ரல் முதல் தேதி வானாராய்ச்சியின் பொறுப்பு சென்னையிலிருந்து மலைக்கு மாறிற்று. மோட்டார் ஏறும் சாலை அக்காலத்தில் இல்லை. அம்மையநாயக்கனூர் ரெயில் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரம் சேர்ந்து, அப்பால் செங்குத்தான மலைப்பாதையில் ஏறவேண்டிய ஊருக்கு, நுண்ணிய கண்ணாடிக் கருவிகளைக் கொண்டு சேர்த்த பெயர் தெரியாத உழைப்பாளிகளை இவ்விடத்தில் நன்றியோடு நினைப்பது நம் கடமை.

இரண்டாவது தேர்வு, கருவியின் உள்ளுறுப்பைப் பற்றியது. சூரியனை ஒரே ஒரு நிறக்கோட்டின் ஒளியில் மட்டும் படம்பிடிக்கும் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராப் என்னும் யந்திரம், கேம்பிரிட்ஜ் கம்பெனியாரிடமிருந்து வந்து சேர்ந்தது. 46 சென்டிமீட்டர் ஆடி ஒன்று சூரியனைத் தொடர்ந்து திரும்பி ஒளியை உள்ளே அனுப்ப, 30 சென்டிமீட்டர் வில்லை அதை 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிம்பமாக்க, மெல்லிய பிளவு ஒன்று அப்பிம்பத்தின் குறுக்கே ஒரே சீராக நகர்ந்து, படத்தைக் கீற்றுக்கீற்றாகத் தீட்டும். ஒளியைப் பிரிப்பதற்கு முப்பட்டகக் கண்ணாடியும் உண்டு, நுண்கோடுகள் கீறிய கீற்றணியும் உண்டு. செய்யும் தொழிலால் இரண்டும் சகோதரர்களே. எனினும், ஊதாப் பக்கத்தில் ஒளியைத் தாராளமாக விரித்துக் காட்டும் கண்ணாடி, சிவப்புப் பக்கத்தில் கஞ்சத்தனம் காட்டும். கீற்றணியோ இரு பக்கத்திலும் ஏறத்தாழ ஒரே விரிவைத் தரும். இதனை உணர்ந்தே, ஊதா ஓரத்திலுள்ள கால்சியத்தின் கே கோட்டுக்கு இரட்டை முப்பட்டகமும், சிவப்பிலுள்ள ஹைட்ரஜனின் எச்-ஆல்பா கோட்டுக்குக் கீற்றணியும் அங்கே அமைந்தன. எச்-ஆல்பா படங்கள் 1912 முதல் ஒழுங்காக எடுக்கப்பட்டன. எது சிறந்தது என்ற பொதுக்கேள்வியை விட்டு, எவ்வேலைக்கு எது என்று கேட்டவுடன், தீராதிருந்த வழக்கு தானே தீர்ந்தது.

இப்பணியின் உயிர்நாடியாக விளங்கியவர் ஜான் எவர்ஷெட். இங்கிலாந்தில் தம் இல்லத்திலேயே சொந்தக் கருவிகளை அமைத்துச் சூரியனை ஆராய்ந்துவந்த அவர், 1907இல் கோடைக்கானலுக்கு வந்து, ஸ்பெக்ட்ரோஹீலியோகிராபைச் செவ்வனே இயங்கச் செய்து, அதற்குத் துணையாக வேறொன்றையும் தாமே அமைத்தார். 1911 முதல் 1923 வரையில் நிலையத்தின் இயக்குநராகவும் இருந்தார். சூரியக் கரும்புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதை 1908இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஹேல் கண்டறிந்தபின், கரும்புள்ளி என்பது சுழன்றோடும் வாயுச்சுழல் என்ற கருத்துப் பரவியிருந்த காலம் அது. அச்சுழற்சியைத் தேடிய எவர்ஷெட், 1909 ஜனவரியில், வாயுவானது சுழலாமல், புள்ளியின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஆரம்போல் பரந்தோடுவதைக் கண்டார். இன்றும் உலகம் அதனை எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது. அவ்வோட்டம் வினாடிக்கு 2 கிலோமீட்டர் என்று கொண்டால், ஒளியின் வேகத்தில் அது ஒன்றரை இலட்சத்தில் ஒரு பங்கு. நிறக்கோடு இடம்பெயர்வதும் அதே விகிதத்தில்தான். உலகின் பெரிய நிலையங்களோடு ஒப்பிட்டால் எளியவை என்றே சொல்லத்தக்க கருவிகளைக் கொண்டு இத்துணை நுண்மையை அளக்க முடிந்ததற்கு, கருவியின் ஒவ்வோர் உறுப்பின் வரம்பையும் தம் கைப்பழக்கத்தாலேயே அறிந்திருந்த ஒருவர், அமைதியான மலைக்காற்றில் அதனை நிறுத்தியதே காரணம்.

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த முறைமை, வேந்தர்க்கு மட்டுமன்றிக் கருவி கையாள்வோர்க்கும் பொருந்துவதே. கோடைக்கானலில் காலை நேரத்தின் காற்றே சூரிய ஆராய்ச்சிக்கு உகந்தது. வெயில் ஏறித் தரை சூடேறியபின் பிம்பம் கலங்கத் தொடங்கும். வெப்பமே இத்தொழிலின் பரம விரோதி என்பதனால்தான், 1960ஐ ஒட்டி அமைந்த சுரங்கத் தொலைநோக்கியில், 11 மீட்டர்க் கோபுரத்தின் உச்சியில் ஒளியைப் பிடித்து, அதைத் தரைக்குக் கீழே 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்துள் செலுத்தி, 38 சென்டிமீட்டர் வில்லையால் 34 சென்டிமீட்டர் அகலமுள்ள சூரியபிம்பத்தை உண்டாக்கினர்.

கணிப்பொறிக்காரருக்கும் அதே விரோதிதான். சிப் உண்ணும் மின்சக்தி, அதன் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் பெருகுவது. ஆதலின் இரண்டையும் பத்துச் சதவீதம் உயர்த்தினால் வெப்பம் ஏறத்தாழ 33 சதவீதம் மிகும். ஒரே சிப்பைக் கொண்ட இரு கார்டுகளுள் மேலானதைக் காட்டுவது, பெட்டியில் அச்சிட்ட மெகாஹெர்ட்ஸ் அன்று. வெப்பத்தை வாங்கும் செப்புக் குழாய்களும் தகடுகளும், மின்சாரத்தைச் சீராக்கித் தரும் உறுப்புகளின் வலிமையும், கூடுதல் மின்சக்திக்கு உற்பத்தியாளர் விட்டுவைத்த இடமுமேயாகும். 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ் என்று முத்திரை பெற்றும், பலர் கையில் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, முத்திரைக்கு அப்பால் மிச்ச வலிமை மறைந்திருக்கக்கூடும் என்பதை உலகுக்கு உணர்த்திற்று. ஆனால் அவ்வலிமை ஒவ்வொரு சிப்பிலும் ஒரே அளவில் அமைவதில்லை. ஒரே பெயர் கொண்ட இரண்டினுள்ளும் சோதித்தாலொழிய வேற்றுமை புலப்படாது.

இடத்தின் கணக்கையும் விடலாகாது. கோடைக்கானல் ஊரின் காற்று கடலோரக் காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் குறைந்த வெப்பத்தையே அள்ளிச் செல்லும். ஆனால் சிப் 80 பாகையில் நிற்க, அறைக்காற்று சென்னையில் 35 பாகையும் மலையில் 18 பாகையுமாக இருந்தால், வெப்பம் வடிவதற்குரிய இடைவெளி 45 பாகையிலிருந்து 62 பாகையாக விரிகிறது. மெல்லிய காற்றால் வரும் நஷ்டத்தை ஈடுசெய்து, குளிர் சற்று இலாபமும் தருகிறது. ஊர் மாறினால் கணக்கும் மாறும்.

இதற்குத் தலைசிறந்த உதாரணத்தையும் அந்நிலையமே தந்திருக்கிறது. 1960இல் அதன் பொறுப்பை ஏற்ற வைணு பாப்பு, சூரியனுக்கு உகந்த அம்மலையின் இரவுவானம் விண்மீன் ஆராய்ச்சிக்குப் போதாது என்று கண்டு, வேறிடம் தேடி, சவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தார். அதன் உயரம் 725 மீட்டரே; கோடைக்கானலின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உயரத்தை மட்டும் அளந்தவர் அதனைத் தள்ளியிருப்பார். பாப்புவோ அங்கே 1968இல் 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கியை நிறுவினார். 1972இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கியும், அவர் மறைந்தபின் 1986இல், அவர் பெயரையே தாங்கிய 2.34 மீட்டர்த் தொலைநோக்கியும் அங்கே எழுந்தன. ஒத்த பொருள்களிடையே தேர்வு செய்யப் புகுவோர், மலையாயினும் கார்டாயினும், முதலில் தம் வேலையை வரையறுத்து, பின்னர்த் தம் இடத்தில் வைத்து நெடுநேரம் சோதித்து, இறுதியிலேயே விலையையும் பெயரையும் நோக்குவாராயின், அவர்கள் தேர்வு பெரும்பாலும் பிழைபடாது. பொறுமையுள்ள சோதனைக்கு மாற்று என்று ஒன்று இத்துறையில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.