பராந்தகர் பலர்: தளவாய்புரம் செப்பேட்டை முன்வைத்து

தென் மாவட்டங்களில் தளவாய்புரம் என்ற பெயரில் ஊர்கள் பல உண்டு. ராஜபாளையம் வட்டாரத்தில், நைட்டி தைக்கும் தொழிலால் பேர்பெற்ற தளவாய்புரம் அவற்றுள் ஒன்று. வரலாறு படிப்போருக்குத் தளவாய்புரம் என்றதும் நினைவுக்கு வருவது பாண்டியன் பராந்தக வீரநாராயணனின் செப்பேடு. வட்டம், கிராமம் பார்க்காமல் ஊர்ப்பெயரை மட்டும் நம்பி எழுதினால் குழப்பம்தான். அரசர் பெயர்களில் அந்தக் குழப்பம் இன்னும் பெரிது.

முற்காலப் பாண்டியர் மாறன், சடையன் என்னும் பட்டப்பெயர்களை மாறி மாறிச் சூடினர். மாறனின் மகன் சடையன், சடையனின் மகன் மாறன். ‘மாறஞ்சடையன்’ என்றும் ஆட்சியாண்டு என்றும் மட்டும் குறிக்கும் ஒரு கல்வெட்டு, நெடுஞ்சடையன், இரண்டாம் வரகுணன், வீரநாராயணன் ஆகியோரில் எவருடையதாகவும் இருக்கலாம். நீலகண்ட சாஸ்திரி கணிப்பில் முதல்வருக்கும் கடைசியானவருக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் தூரம். எழுத்தமைதியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது எளிதன்று. ஐவர்மலைக் கல்வெட்டு இங்கே பெரிய கொடை. அது சக ஆண்டு 792-ஐ, அதாவது கி.பி. 870-ஐ, வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு என்கிறது. அவன் 862-இல் பட்டமேறினான் என்பது இதனால் உறுதியாகிறது. மற்றவர்களின் காலத்தை இந்த ஒரு முளையில் கட்டித்தான் அளக்க வேண்டியிருக்கிறது.

இனிப் பராந்தகன். வேள்விக்குடிச் செப்பேடு தந்த நெடுஞ்சடையன் பராந்தகன் எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சிக்கு வந்தவன். களப்பிரர் காலத்தில் பறிபோன பழைய கொடையை உரியவரின் வழித்தோன்றலிடம் மீட்டுக் கொடுத்தவன். பல்லவரையும் அதியமானையும் எதிர்த்து, கொங்கு வரை கை நீட்டிய அரசன். தளவாய்புரம் செப்பேட்டின் பராந்தகன் வேறொரு வாழ்க்கை வாழ்ந்தவன். திருப்புறம்பியத்தில் அண்ணன் வரகுணன் தோற்ற பிறகு, சுருங்கத் தொடங்கிய அரசு அவன் கைக்கு வந்தது. அவன் காலம் ஏறத்தாழ 900 வரை. 907-இல் சோழ நாட்டில் இன்னொரு பராந்தகன் முடிசூடினான். பாண்டியன் பராந்தகனின் மகன் இராசசிம்மனை வெள்ளூரில் வென்று, மதுரையைக் கொண்டவன் இந்தச் சோழன் பராந்தகனே. தோற்ற இராசசிம்மன் ஈழம் போய், முடியை அங்கே வைத்துவிட்டுத் தாயின் சேர நாட்டுக்குச் சென்றான். தந்தையின் பெயரையே தாங்கிய பகைவனிடம் நாட்டை இழந்தவன் அவன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘வீரநாராயணன்’ என்பது சோழனுக்கும் விருதுப்பெயர். இன்றைய வீராணம் ஏரிக்கு அந்தப் பெயர் வந்தது சோழன் வழியாக. பாண்டியனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பொன்னியின் செல்வன் வாசகர்களுக்குப் பழக்கமான சுந்தர சோழனும் இரண்டாம் பராந்தகன்தான். முதலாம், இரண்டாம் என்ற எண்கள் நாம் போட்டவை. அந்தக் காலத்தார் விருதுகளாலும் மெய்க்கீர்த்தியின் தொடக்கத்தாலும் ஆளைப் பிரித்தறிந்தனர்.

அரசரோடு இது நிற்கவில்லை. நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி ஆனைமலையில் நரசிங்கருக்குக் குடைவரை எடுத்தவன். கலியாண்டு 3871, அதாவது கி.பி. 770. அவனுக்கு மதுரகவி என்ற பெயரும் உண்டு. நம்மாழ்வார் காரிமாறன், அவர் சீடர் மதுரகவி. பெயர்ப் பொருத்தம் கண்டு இவர்களை ஒரு குடும்பமாகவும் ஓர் ஆளாகவும் இணைத்துப் பார்த்த அறிஞர்கள் உண்டு. எனக்கு அது ஏற்புடையதாகப் படவில்லை. மாறன், காரி இரண்டும் பாண்டி நாட்டில் பரவலாக வழங்கிய பெயர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரின் காலத்தை வரையறுப்பதிலும் இதே இடர்ப்பாடு. அவர் பாசுரத்தில் வரும் நெடுமாறனும், குருபரம்பரை சொல்லும் வல்லபதேவனும் எந்தப் பாண்டியர் என்பதைப் பொறுத்து ஆழ்வாரின் காலம் முன்னும் பின்னும் நகர்கிறது. சம்பந்தர் காலத்து நின்றசீர் நெடுமாறன் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு வந்தால் நெரிசல் கூடுகிறது. 1216-இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டைத் திருப்பித் தந்தவன். 1251-இல் வந்த சடையவர்மன் சுந்தரபாண்டியன் நெல்லூர் வரை சென்றவன். ஒரே காலத்தில் பாண்டியர் பலர் ஆண்டதால் சுந்தரபாண்டியரும் குலசேகரரும் வீரபாண்டியரும் கலந்து கிடக்கின்றனர். கல்வெட்டுகளில் உள்ள நாள், நட்சத்திரம், திதி ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கீல்ஹார்ன், சுவாமிக்கண்ணுப் பிள்ளை, பின்னர் கும்பகோணம் சேதுராமன் ஆகியோர் இவர்களைப் பிரித்தெடுத்தனர்.

ஊர் வரலாறு எழுதுவோர் ‘பராந்தகன் காலக் கோயில்’ என்று மட்டும் பலகையில் எழுதிவிட வேண்டாம். பாண்டியனா சோழனா, எவர் மகன், எத்தனையாவது ஆட்சியாண்டு என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.